இருபது பெட்டைக்கு ஒரே கடுவன் போதுமா?

அத்திபெலே, ஆனேக்கல், சர்ஜாபுரம், ஜூஜூவாடி, ஓசூர் வட்டாரத்தில் வீட்டோடு வைத்து நாட்டு நாய் வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு மடல்.

உங்கள் வட்டாரம் வழியாகப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், மதுரை தாண்டி விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வரும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிய கரிசல் காடு அது. அங்கிருந்து மேற்கே ஒதுங்கினால் ராஜபாளையம். தேனிப் பக்கம் கோம்பை. வட கர்நாடகத்தில், பாகல்கோட் மாவட்டத்தில் முதோள். தமிழ்நாட்டு வேட்டை நாய்களின் தாய்மண்ணும் கர்நாடக வேட்டை நாயின் தாய்மண்ணும் ஓர் இரவுப் பயணத்தில் எட்டும் இடத்தில் இருக்கிறது தமிழ்ப் பத்திரிகைகள் அத்திப்பள்ளி என்று எழுதும் உங்கள் அத்திபெலே. இந்த மடல் உங்களைத் தேடி வருவதற்கு அதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், நீங்கள் பெரிய பண்ணைக்காரர்கள் அல்லர் என்பது. தென்னந்தோப்பு ஓரத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ இரண்டு பெட்டை, சில வீடுகளில் கூடவே ஒரு கடுவன், ஆண்டுக்கு ஓர் ஈத்து என்ற அளவில் வளர்ப்பவர்கள். நாட்டு நாய் இனங்கள் இன்று பிழைத்திருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட வீடுகளில்தான். சென்னை சைதாப்பேட்டையில் தமிழ்நாடு அரசு நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவை மூடும்படி 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முதோளுக்கு அருகே திம்மாப்பூரில் கர்நாடகக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆனால் ஒரு மையம் ஓர் இனத்தின் முழுப் பாரத்தையும் சுமக்க முடியாது. மீதிச் சுமை உங்கள் தோளில் இருக்கிறது.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்த நாய்களுக்குப் பெருமை பல வந்தன. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் முதோளும் இடம்பிடித்தன. முதோள் குட்டிகள் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படையின் மையத்துக்குப் பயிற்சிக்குப் போயின. கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதன்முதலாக நாய் இனங்களைப் பதிவுசெய்தபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோள் மூன்றையும் பதிந்தது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் வானொலியில் இவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நாட்டு நாய் வளர்க்கச் சொன்னார். பெங்களூரில் வசித்து எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாய்களுக்கென்றே ஒரு நூல் கொண்டுவந்தார்.

பெருமை வந்தால் கிராக்கி வரும். அதில் தவறில்லை. கிராக்கி வந்ததும் எல்லோருடைய கண்ணும் ஒரே நாயின் மேல் விழுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஷோவில் ஒரு கடுவன் ஜெயிக்கிறது. உயரம், நெஞ்சு, நடை எல்லாம் கச்சிதம். செய்தி பரவுகிறது. ஹீட்டுக்கு வந்த பெட்டையை வேனில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் அந்த வீட்டு வாசலுக்கே போகிறார்கள். கட்டணமாகப் பணம், அல்லது ஈத்தில் ஒரு குட்டி. ஓர் ஆண்டில் இருபது பெட்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈத்துக்கு ஆறு குட்டி என்றால் 120 குட்டிகள். அத்தனைக்கும் அப்பா ஒருவரே. இரண்டு ஆண்டு கழித்து அவை இனப்பெருக்க வயதுக்கு வரும்போது, இந்த வட்டாரத்தில் எந்தக் குட்டிக்கு எங்கே ஜோடி தேடினாலும் அது பெரும்பாலும் அண்ணன் தங்கையாகத்தான் இருக்கும். அம்மா மட்டும் வேறு.

இதன் விளைவைக் கணக்காகவே போட்டுவிடலாம். அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் கிட்டத்தட்ட நூறாண்டுக்கு முன் வகுத்துத் தந்த வழி அது. ஆண்களின் எண்ணிக்கையைப் பெண்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதை நான்கால் பெருக்கி, மொத்த நாய்களின் எண்ணிக்கையால் வகுங்கள். மரபு வளத்தைப் பொறுத்தவரை உங்களிடம் உண்மையில் எத்தனை நாய்கள் இருக்கின்றன என்பது விடையாக வரும். இருபது பெட்டைக்கு ஒரு கடுவன் என்றால், பார்வைக்கு 21 நாய்கள், கணக்கில் நான்குகூட இல்லை. அதே இருபது பெட்டைக்கு ஐந்து கடுவன்களைப் பயன்படுத்தினால் விடை 16. இந்த எண் 50க்குக் கீழே போனால் தலைமுறைக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் உறவு நெருக்கம் ஏறும். அதற்குக் கீழே இறங்க விடாதீர்கள் என்பது கால்நடை இனங்களைக் காக்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் அறிவுரை.

உறவு நெருக்கம் என்றால் என்ன என்று தமிழர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிப் பெண் மருத்துவமனைக்குப் போனதும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, சொந்தத்தில் கல்யாணமா என்பது. அக்கா மகளை மாமன் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு அந்த அளவு 12.5 சதவீதம். அப்பா ஒன்று, அம்மா வேறு என்ற நாய்களைச் சேர்த்தாலும் அதே 12.5. கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தால் 25. அப்பனுக்கு மகளைச் சேர்த்தாலும் 25.

எந்த நாயும் குறையே இல்லாத மரபணுக்களோடு பிறப்பதில்லை. ஆரோக்கியமான சாம்பியனுக்குள்ளும் சில கெட்ட மரபணுக்கள் ஒற்றையாக ஒளிந்திருக்கும். ஒற்றையாக இருக்கும்வரை தொல்லை இல்லை. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அதே மரபணு ஒரு குட்டியிடம் வந்து ஜோடி சேர்ந்தால்தான் நோய். அப்படியொரு மரபணு அந்தக் கடுவனிடம் இருந்தால், 120 குட்டிகளில் ஏறக்குறைய 60 அதைச் சுமக்கும். அந்தக் குட்டிகளுக்குள் இணை சேர்த்தால் பதினாறில் ஒரு குட்டிக்கு நோய் வரும். மகளை அப்பனுக்கே விட்டால் எட்டில் ஒன்று.

முதலில் இது நோயாகக்கூடக் கண்ணில் படாது. ஆறு குட்டி போட்ட பெட்டை மூன்று போடும். பிறந்த இரண்டாம் நாள் ஒரு குட்டி பால் குடிக்காமல் ஒதுங்கிக் கிடந்து சாகும். ஆண் குட்டிக்கு ஒரு விதை இறங்கியிருக்காது. தோலில் சொட்டை விழுந்து மருந்துக்கு அடங்காது. பார்வோ நோய் வந்தால் பக்கத்து வீட்டு ஈத்தில் பாதி தேறும், இந்த வீட்டில் ஒன்றும் தேறாது. வளர்ப்பவர் தீவனத்தை மாற்றுவார், இடத்தைக் கழுவுவார், கண்திருஷ்டி என்றுகூட நினைப்பார். தாத்தா பெயர் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

லைன் பிடிப்பதற்காகத்தான் நெருங்கிய உறவில் சேர்க்கிறோம் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அதில் உண்மை இருக்கிறது. நல்ல தலையமைப்பும் நெஞ்சும் ஒரே சீராக வர அது உதவும். முதல் தலைமுறையில் கண்ணுக்கு அழகான குட்டிகள் கிடைக்கும். கடன் மூன்றாம், நான்காம் தலைமுறையில் வசூலாகும். அப்போது அந்த லைனைத் தொடங்கியவர் நாய் வளர்ப்பையே விட்டிருப்பார், குட்டி வாங்கியவர் மருத்துவமனையில் நிற்பார்.

உலகம் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. பிரிட்டனின் கென்னல் கிளப் பதிவேடுகளை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், அந்நாட்டின் சுமார் 20,000 பாக்சர் நாய்களின் மரபு வளம் 70 நாய்களுக்குச் சமம் என்று கண்டார்கள். அதே ஆண்டு பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் நாடு முழுக்கப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அப்பன் மகள், தாய் மகன், உடன்பிறப்பு ஆகிய சேர்க்கைகளில் பிறந்த குட்டிகளைப் பதிவதை 2009இல் அந்தக் கிளப் நிறுத்தியது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு 227 இனங்களைப் பரிசோதித்து 2021இல் சொன்ன செய்தி இன்னும் கடுமை: அந்த இனங்களின் சராசரி உறவு நெருக்கம் ஏறக்குறைய 25 சதவீதம். முன்பின் தெரியாத இரண்டு நாய்களைச் சேர்த்தாலும் கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தது போல.

அதே ஆய்வில் தப்பித்து நின்ற இனங்களில் ஒன்று டேனிஷ்-சுவீடிஷ் பண்ணை நாய். 1987இல் அதை இனமாக அங்கீகரித்தபோது சுமார் 200 நாய்களை அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். கிராமத்துப் பண்ணைகளில் வேலை செய்துகொண்டிருந்த நாய்கள் அவை. பரிசு வாங்கிய நான்கைந்து நாய்களோடு தொடங்கியிருந்தால் அதன் கதையும் பாக்சர் கதையாகியிருக்கும்.

இனி நம் வெள்ளை நாய்க்கு வருவோம். ராஜபாளையம் என்றாலே பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும். அந்த வெள்ளையோடு கூடவே வருவது காது கேளாமை. நிறம் தரும் செல்கள் தோலுக்கு மட்டுமல்ல, உள்காதுக்கும் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்த மூன்று நான்கு வாரங்களில் கேட்கும் நரம்புச் செல்கள் வாடிப்போகும். ஐந்து வாரம் ஆனதும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குட்டிகள் தூங்கும்போது, தரை அதிராமல், காற்று மேலே படாமல், பின்னால் தள்ளி நின்று எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஒருமுறை தட்டுங்கள். ஐந்து குட்டிகள் தலையைத் தூக்கும். ஒன்று மட்டும் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். பக்கத்துக் குட்டி எழுந்து அதன் மேல் இடித்த பிறகுதான் கண் விழிக்கும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் சிக்காது. மூளையலையைப் பதிவுசெய்யும் கருவியால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

டால்மேஷியன் நாயிலும் இதே சிக்கல். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் 22 சதவீதத்துக்கு ஒரு காதும் 8 சதவீதத்துக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. பிறக்கும்போதே உடம்பில் பெரிய கறுப்புத் திட்டோடு வரும் குட்டிகளுக்கு மட்டும் இந்தக் குறை குறைவாக இருந்தது. ஆனால் திட்டு உள்ள நாய் ஷோ விதிப்படி தகுதியற்றது, ஆகவே வளர்ப்பவர்கள் அவற்றை ஒதுக்கினார்கள். நன்றாகக் கேட்கும் நாய்களைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே கழித்துக்கட்டினார்கள்.

ராஜபாளையத்திலும் புள்ளியோ வேறு நிறமோ விழுந்த குட்டியை ஒதுக்கிவிடும், சில இடங்களில் கொன்றேவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்றும் நிறம் விழுந்த குட்டிக்கு விலை இல்லை. அந்தக் குட்டியைக் கொல்லாதீர்கள். அதுவும் அதே அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் பிறந்த சுத்தமான ராஜபாளையம். காது நன்றாகக் கேட்டால் அதை இனப்பெருக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்காகக் கழித்த ஒவ்வொரு குட்டியோடும் அந்த இனத்தின் சொத்தில் ஒரு பங்கு குழிக்குப் போகிறது.

நிறத்தை வைத்து இனத்தையே இரண்டாகப் பிரிப்பதும் இதே கதைதான். கறுப்பு உடம்பில் செம்பட்டைக் கால் என்றால் கன்னி, பழுப்போ சாம்பலோ என்றால் சிப்பிப்பாறை என்று சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா வேறா என்ற சண்டை கரிசல் காட்டில் இன்னும் ஓயவில்லை. கிராமத்தில் முயல் பிடிக்கப் போனவர் ஓட்டத்தையும் பிடியையும் பார்த்துச் சேர்த்தார். இன்று சான்றிதழுக்காக நிறம் பார்த்துச் சேர்க்கிறோம். சின்னக் குளத்தின் நடுவே வரப்புப் போட்டால் கிடைப்பது இரண்டு குட்டைகள். முதோளுக்கும் அதே கதி. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அதைக் காரவான் ஹவுண்ட் என்று பதிகிறது, இந்திய தேசிய கென்னல் கிளப் முதோள் ஹவுண்ட் என்று பதிகிறது, மகாராஷ்டிரத்தில் கார்வானி என்கிறார்கள். பெயர் மூன்று, நாய் ஒன்று. வளர்ப்பவர்கள் ஒருவர் புத்தகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

வெளி நாயைச் சேர்த்தால் கலப்பு வந்துவிடுமே என்ற உங்கள் அச்சம் நியாயமானது. பந்தயத்துக்காக கிரேஹவுண்டைச் சேர்த்து, அந்தக் குட்டியை நாட்டு நாய் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மடல் கேட்பது அதையல்ல. அதே இனத்தில், உங்கள் நாய்க்கு உறவில்லாத நாயைத் தேடிக் கொண்டுவாருங்கள் என்பதே வேண்டுகோள்.

பசென்ஜி என்ற ஆப்பிரிக்க நாயின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் இருந்தவை எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாய்களின் வாரிசுகள். சிறுநீரகத்தைத் தின்னும் பரம்பரை நோய் அவற்றில் பரவியது. வளர்ப்பாளர்கள் சிலர் 1980களின் இறுதியில் அன்றைய ஜைர் நாட்டுக் காடுகளுக்கே போய், கிராமத்தாரோடு வேட்டையாடிக்கொண்டிருந்த நாய்களைக் கொண்டுவந்தார்கள். வம்சாவளிச் சான்றிதழ் எதுவும் அவற்றுக்குக் கிடையாது. 1990இல் அமெரிக்கக் கென்னல் கிளப் பதிவேட்டைத் திறந்து அவற்றைச் சேர்த்துக்கொண்டது.

நார்வேயின் லுண்டேஹுண்ட் அவ்வளவு பாக்கியசாலி அல்ல. காலுக்கு ஆறு விரல் கொண்டு, கடற்பாறைகளில் ஏறிப் பறவை பிடித்த நாய் அது. டிஸ்டெம்பர் நோய் இரண்டு முறை வாரிக்கொண்டு போனதில் ஆறு நாய்களே மிஞ்சின. இன்றைய லுண்டேஹுண்டுகள் அந்த ஆறின் வழிவந்தவை. பரம்பரைக் குடல் நோயும் சின்ன ஈத்துகளும் வாட்ட, தேடிக் கொண்டுவர அதே இனத்தில் வேறு நாயே இல்லாமல், கடைசியில் வேறு இன நாய்களோடு சேர்க்க வேண்டியதாயிற்று.

நம் நாய்கள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில், முதோளைச் சுற்றிய ஊர்களில், ஆட்டு மந்தையோடும் தோட்டக் காவலிலும் பேப்பர் இல்லாத நல்ல நாய்கள் இருக்கின்றன. பசென்ஜிக்காரர்கள் கண்டம் தாண்டிப் போய்த் தேடியது உங்களுக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் கிடைக்கிறது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

கடுவன்களைப் பெருக்குங்கள். பரிசு வாங்காத, ஆனால் ஆரோக்கியமான தம்பிக் கடுவனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். ஒரே கடுவனை ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பெட்டைக்கு மேல் விடுவதில்லை என்று உங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருமே கடுவன் வளர்க்க முடியாது. பத்து வீடு சேர்ந்தால் ஐந்து வீடு ஐந்து வெவ்வேறு கடுவன்களை வைத்துக்கொள்ள முடியும். ஆனேக்கல் பக்கத்து ஹள்ளிக்கார் மாட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். சொந்தக் கன்று பருவத்துக்கு வந்ததும் பொலிகாளையை மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த சங்கதி.

ஒவ்வொரு பெட்டையிலிருந்தும் ஒரு மகளையாவது இனப்பெருக்கத்தில் தக்கவையுங்கள். சிறந்த ஈத்தின் குட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வழிகளை அழியவிட வேண்டாம். வயதையும் மதியுங்கள். 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. காதுச் சோதனைக்கும் ஆரம்ப நோய்களைக் கவனிப்பதற்கும் அந்த எட்டு வாரம் உங்களுக்கே தேவை.

எல்லாவற்றுக்கும் முன்னால், நோட்டுப் போடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டுப் போதும். ஒரு நாய்க்கு ஒரு பக்கம். மேலே பெயர், பிறந்த தேதி, நிறம், எந்த ஊர் வழி. அதன் கீழே அப்பா அம்மா, தாத்தா பாட்டிகள் நான்கு பேர், அவர்களைப் பெற்ற எட்டுப் பேர். மொத்தம் பதினான்கு பெயர்கள். பக்கத்தின் அடியில் போட்ட ஈத்துகள், பிறந்தவை எத்தனை, பிழைத்தவை எத்தனை, செத்தவை எதனால், காது கேளாதது எது. குறையை மறைக்காமல் எழுதுங்கள். விற்பனைக்குக் காட்டும் பக்கம் அல்ல அது. தெரியாத பெயருக்கு இடத்தை வெறுமனே விட்டுவிடுங்கள், கற்பனையாக நிரப்ப வேண்டாம்.

பெட்டைக்கு அடுத்த ஹீட் வர இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேயில் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுங்கள். ஓசூர்க்காரர்களையும் கூப்பிடுங்கள், கன்னடம் பேசும் முதோள் வளர்ப்பவர்களையும் கூப்பிடுங்கள். நாய்களை வீட்டில் விட்டுவிட்டு நோட்டுகளை மட்டும் கொண்டுவந்து அருகருகே விரித்து வையுங்கள். ஒரே தாத்தாவின் பெயர் எத்தனை நோட்டில் வருகிறது என்று எண்ணுங்கள். அந்தப் பெயர் இல்லாத நோட்டு யாரிடம் இருக்கிறதோ, அடுத்த ஜோடியை அவர் வீட்டில் பேசி முடியுங்கள்.